யன்னல் பக்கம்

மார்ச், செவ்வாய் இரவு

பின்னேரம் இங்கே பிரான்சில், ரூ பெர்தொனே தெருவில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது மகள் வீடியோவில் வந்தாள். பெலீஸ் என்ற குட்டி நாட்டை பஸ்ஸிலேயே கடந்து குவாத்தமாலாவுக்குப் போகிறாளாம், தனியாக. போனை யன்னல் பக்கம் திருப்பினாள். தூண்களில் நிற்கும் மர வீடுகள், சைக்கிளில் முட்டை கொண்டுபோகும் ஒரு மனுசி. எனக்குக் கண்ணை எடுக்க மனமில்லை.

பிறகு எல்லை வந்தது. அவள் இறங்கி வரிசையில் நின்றாள். சீருடைக்காரனைக் கண்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "பிள்ளை, தலையைக் குனி. கதைக்காதை."

"ஏன் அம்மா? வணக்கம் சொல்லவேணும்தானே," என்று சிரித்தாள். சொன்னாள். அவனும் சிரித்துக்கொண்டே கடவுச்சீட்டில் முத்திரை குத்தினான். "வொய்லா, முடிஞ்சுது!"

கடை அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, அடுப்புக்குப் பின்னாலை குந்திக்கொண்டிருக்கிறியள்? ரொட்டி கருகுது."

நான் குந்தியிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"அடுத்த முறை நீங்களும் வாங்கோ அம்மா," என்றாள். வேலை இருக்கு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

நானும் பிரான்சுக்குத் தரைவழியாகத்தான் வந்தேன். எத்தனை நாடுகளைக் கடந்தேன் என்று தெரியாது. எங்களை ஏற்றிய லொறிக்கு யன்னல் இல்லை. ஒரு நாட்டில் மழை மணத்தது. இன்னொன்றில் இரவு முழுக்க வைக்கோல் மணத்தது.

அந்த வைக்கோல் நாட்டின் பெயர் என்னவாக இருக்கும்? அதற்குள்ளால் ஒருமுறை பஸ்ஸில் போகவேண்டும். பகலில், யன்னல் பக்கம் இருந்து.