பாராட்டுக்குள் ஒரு புகார்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நூற்று முப்பத்தெட்டு கடிதங்கள். கண் எரிகிறது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை என்றால் நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்குகிறேன் என்று நாத்தனார் இன்னும் நம்புகிறாள். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லை. வரும் கடிதம், ஆய்வறிக்கை, ஒப்பந்தம் எல்லாவற்றையும் கணினியில் திறந்து, இது இன்னது என்று டேக் போட வேண்டும். 'புகார்' என்று போட்டால் உடனே மெக்கானிக் போனுக்குத் தகவல் போகும். 'பாராட்டு' என்று போட்டால் ஒரு ஃபோல்டருக்குள் போய் நிம்மதியாகத் தூங்கும். ஒன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு.

சாயங்காலம் மேனேஜர் வந்து, "இனிமே டேக் எல்லாம் தானா விழுந்துடும்மா" என்றார். ஏதோ மரத்திலிருந்து பழம் விழுவதுபோல.

மார்ச் 6, வியாழன்

அதற்கான புரோகிராம் எழுத ஒருவர் வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைப்பே இல்லாத கடிதம் வந்தால்? "ஈஸிதாங்க்கா." கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால்? "ஈஸிதாங்க்கா." மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்க அவருக்கு ஈஸி என்றே பெயராகிவிட்டது.

நான் இதுவரை டேக் போட்டதையெல்லாம் காட்டித்தான் அதற்குச் சொல்லிக்கொடுப்பாராம். "உங்களை மாதிரியே போடும்க்கா."

என் வேலைக்கு நானே வேட்டு வைக்கிறேனா?

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "உன்ன மாதிரியேவா? அப்ப மூணு மணிக்கு டீ கேக்குமே!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்திரம் கழுவும்போது வந்தது.

மார்ச் 14, வெள்ளி

என் ஒரு நாள் வேலையை நான்கு நிமிஷத்தில் முடித்துவிட்டது. உட்கார்ந்து ஸ்டேப்ளரில் பின் நிரப்பினேன். பக்கத்து மேசை ஸ்டேப்ளரிலும்.

மார்ச் 17, திங்கள்

ரிசப்ஷனில் ஆள் தேவை என்று காதில் விழுந்தது. அங்கே போட்டால் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டுமே — என் முகம் தாங்குமா?

மார்ச் 24, திங்கள்

வேலையில்லாமல் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? மனசுக்கு இதமாக நாலு நல்ல வார்த்தை படிக்கலாமென்று 'பாராட்டு' ஃபோல்டரைத் திறந்தேன்.

மூன்றாவது கடிதம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருடையது. ஐந்து மாடிக் குடியிருப்பு. அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து. 'தங்கள் ஊழியர்களின் பணிவுக்கு மனமார்ந்த நன்றி' என்று தொடங்கி, நன்றிக்கு மேல் நன்றி. இரண்டாம் பக்கம், கடைசியில்: 'ஒரு சிறு விஷயம். நாலாவது மாடியில் சில சமயம் லிஃப்ட் வருமுன்பே கதவு திறந்துகொள்கிறது. நேரமிருக்கும்போது பார்க்கவும்.'

சிறு விஷயமா! கதவு திறக்கும், உள்ளே லிஃப்ட் இருக்காது. கவனிக்காமல் காலை வைத்தால் — கடவுளே. தேதியைப் பார்த்தேன். வந்து ஆறு நாள் ஆச்சு. ஆறு நாள்!

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "உள்ள யாரும் இல்லைன்னு பாத்துட்டு லிஃப்ட் ஸ்விட்சை ஆஃப் பண்ணச் சொல்லுங்கக்கா. நான் கிளம்பிட்டேன்" என்றார்.

கடிதத்திலிருந்த எண்ணில் கூப்பிட்டுச் சொன்னால் தலைமையாசிரியையோ, "அவசரமில்லைம்மா, மெதுவா வரட்டும்" என்கிறார்.

"மெதுவால்லாம் இல்ல டீச்சர்! யாரையும் பக்கத்துல விடாதீங்க!" கத்தியே விட்டேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அறைப்பக்கமே போகாதவள் நான்.

ஐந்தரைக்கு மெக்கானிக் பேசினார். கதவுப் பூட்டு தேய்ந்துபோயிருந்ததாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. "நல்ல வேளைக்கா" என்றார்.

மார்ச் 25, செவ்வாய்

ஈஸியை ஒரு பிடி பிடிப்பதென்று போனேன். "உங்க மெஷினுக்குப் படிக்கத் தெரியாதா?"

அவர் கோபப்படவில்லை. ஏன் அப்படிப் போட்டது என்று தேடினார், திரையை என் பக்கம் திருப்பினார். 'நன்றி' என்று தொடங்கும் இருநூறு பழைய கடிதங்கள். எல்லாமே பாராட்டு. டேக் போட்டது நான்.

உட்கார்ந்து படித்தேன். பதினொன்றுக்குள் புகார் இருந்தது. விளக்கு எரியவில்லை, மணி அடிக்கவில்லை — பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும். எல்லாம் சாயங்காலம் போட்டவை. முதல் வரியோடு விட்டிருக்கிறேன். அதைத்தான் அது ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க்கா" என்றார் ஈஸி. அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம்.

மார்ச் 26, புதன்

நானே மேனேஜரிடம் சொன்னேன். பதினொன்றையும் அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். "அது மேல தப்பில்ல சார். என்கிட்டதான் கத்துக்கிச்சு."

ஒவ்வொன்றாகப் படித்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஈஸிக்கு—" நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சிரித்துவிட்டார். "அந்தப் பேரை வெச்சதே நான்தாம்மா." பிறகு சிரிப்பை நிறுத்தி, "இந்தப் பதினோரு பேர்கிட்டயும் நீங்களே பேசுங்க. மன்னிப்பும் கேளுங்க" என்றார்.

கேட்டேன். எட்டுப் பேருக்கு எழுதியதே மறந்துபோயிருந்தது. இரண்டு பேர் திட்டினார்கள். ஒரு அம்மா லிஃப்ட்டை விட்டுவிட்டு மருமகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

சந்தேகம் வந்தால் புரோகிராம் இப்போது தானாக முடிவெடுப்பதில்லை. என் திரைக்கு அனுப்பிவிடுகிறது. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து வரும். மீதி நேரத்தில் ஒன்பது வருஷக் கடிதங்களைத் திரும்பப் படிக்கிறேன், கடைசி வரி வரைக்கும்.

இன்று வந்ததில் ஒன்று, ஒரே வரி: 'உங்கள் லிஃப்ட்டில் ஏறும்போதெல்லாம் கடவுள் ஞாபகம் வருகிறது.'

பாராட்டா, புகாரா? ஈஸி குனிந்து மூன்று தரம் படித்தார், தலையைச் சொறிந்தார். எனக்கும் பிடிபடவில்லை. எழுதியவருக்கே போன் போட்டேன்.

"ஐயா, இத சந்தோஷத்துல எழுதினீங்களா, பயத்துலயா?"

அந்தப் பக்கம் யோசனை. "மேல போறப்ப சந்தோஷம்தாம்மா. கீழ வர்றப்பதான்…"

'புகார்' என்று போட்டேன்.