சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்துங்கள்

படப்பை,
14.7.1991, ஞாயிறு

அன்பு மாப்பிள்ளை தமிழ்வாணனுக்கு,

உங்கள் மைத்துனன் முனிரத்தினம் எழுதுவது. தங்கச்சி சின்னப்பொண்ணும் குழந்தை மதிவதனியும் சுகம். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுகிறாள். எனக்கு ஒரகடம் ஜல்லிக் கிரஷரில் அதே லாரி, அதே புழுதி.

போன வாரம் உங்கள் கடிதத்தைத் தங்கச்சி படித்துக் காட்டினாள். ஓமானில் எண்ணெய்க் கிணறு தோண்டும் முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுவதாகவும், கிளட்சே இல்லாமல் கியர் தானாக மாறுவதால் காலுக்குச் சுகம் என்றும் எழுதியிருந்தீர்கள். அவள் சிரித்தாள். அடுத்த வரியில், மணலில் போகும்போது கியர் ஆயில் சூடானதைக் காட்டும் சிவப்பு விளக்கு மீட்டர் பலகையில் எரிகிறது, போர்மேன் கண்டுகொள்ளாமல் ஓட்டச் சொல்கிறார் என்று இருந்தது. அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னேன்.

எண்பத்தெட்டில் நான் அங்கிருந்து திரும்பியபோது ஒப்பந்தம் முடிந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். அது பொய். என்னை அனுப்பிவிட்டார்கள்.

எனக்கும் அதே மாதிரி வண்டி, அதே வேலைதான். ஜூன் மாதம். ஏற்கெனவே ஒரு நாள் தாமதம். முகாமில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். மணல்மேட்டில் சக்கரம் புதைந்தது. இறங்கி மணலைத் தோண்டாமல் முன்னும் பின்னுமாகக் கியரைப் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஒருவழியாக மேலே ஏறிவிட்டேன். ஆனால் விளக்கு எரிந்தது. இருபது மைல்தானே என்று ஓட்டினேன். கருகிய வாடை வந்தது. பிறகு எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. கியர்பாக்ஸ் வெந்துவிட்டது.

மறுநாள் மதியம்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் டாங்க் நிறையத் தண்ணீர். முகாமில் ஒரு சொட்டு இல்லை. லாரி வருகிறதா என்று பார்க்க ஒருவர் தனியாக நடந்து வந்திருக்கிறார். மணலில் விழுந்து கிடந்தவரை உயிரோடு தூக்க முடியவில்லை. அவர் பெயர் ராஜாமணி. வெல்டர். நம் மணிமங்கலத்துக்காரர். வெயில் தாங்காமல் இறந்தார் என்று கம்பெனி வீட்டுக்கு எழுதியது.

அதனால் நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள். அந்த வண்டியில் ஆயில்தான் கியரைச் சுற்ற வைக்கிறது. வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் திணறினால் சூடெல்லாம் அந்த ஆயிலுக்குள் போகும். மணலில் இறங்குவதற்கு முன்னாலேயே ‘லோ’ கியரில் போட்டுக்கொள்ளுங்கள், நடுவில் வேண்டாம். டயரில் காற்றைக் குறையுங்கள். தார்ரோடு ஏறியதும் மறக்காமல் அடித்துக்கொள்ளுங்கள். சக்கரம் புதைந்தால் மிதிக்காதீர்கள், மண்வெட்டியை எடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் ஆறுகிற, கம்பிவலை மாதிரி சின்ன ஜாலி ஒன்று இருக்கும். அதில் மணல் அடைத்திருக்கிறதா என்று காலையில் கிளம்புமுன் பாருங்கள். ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தி நியூட்ரலில் போடுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள். அது ஓடினால்தான் ஆயில் சுற்றி ஆறும். போர்மேன் கத்தினால் கத்தட்டும். அரை மணி நேரம் தாமதமாகப் போகிற தண்ணீர் போய்ச் சேரும்.

மூன்று வருஷமாக மணிமங்கலத்தில் ராஜாமணி வீட்டுத் தெரு வழியாக நான் போனதில்லை. இன்று காலை போனேன். அவர் மனைவி காந்திமதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “மூணு வருஷமா இன்னா பண்ணிக்கினு இருந்தே?” என்று கேட்டார். எதற்காக இப்போது வந்தாய் என்றார். உங்களைப் பற்றிச் சொன்னேன். பிறகு, “அந்தப் புள்ளைக்கு எழுதிட்டியா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப இங்க இன்னாத்துக்குக் குந்திக்கினு கீறே? போய் எழுது” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடமும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி விளக்குக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுவிட்டுப் போனாள்.

நிறுத்தியதற்காக வேலை போனால் கவலைப்படாமல் வாருங்கள். கிரஷரில் டிரைவர் கேட்கிறார்கள், நான் பேசிக்கொள்கிறேன். உங்களையும், உங்கள் வண்டியை நம்பி அங்கே காத்திருப்பவர்களையும் கடவுள் காப்பாற்றட்டும்.

பதிலில் நலம் விசாரிக்க வேண்டாம். விளக்கு எரிந்தது, நிறுத்தினேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அதைக் காந்திமதியிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
முனிரத்தினம்