நூற்று நாற்பதடியில் வந்த தண்ணீர்

திருச்செங்கோடு
2025 ஜனவரி 9, வியாழன்

கம்ப்ரசர் ஹோஸ் நான்கு வந்தது. ஒன்று ஓட்டை, திருப்பி அனுப்பினேன். கடைக்காரர் பேசிய பேச்சுக்கு இனி அங்கே வாங்குவதாக இல்லை. போன மாதமும் இதையேதான் எழுதி வைத்திருக்கிறேன்.

மதியம் தான்சானியாவிலிருந்து தம்பி கதிர்வேல் கூப்பிட்டான். நம் போர்வெல் ரிக் வண்டி அங்கே போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"அக்கா, நவம்பர்ல ஒரு ஊருக்குப் போர் போட்டுக் குடுத்தமுல்லங்க்கா, அதைப் பூட்டிப்போட்டாங்க" என்றான். பூட்டியது ஊர்த் தண்ணீர்க் குழு. ஏதோ சுகாதாரச் சங்கம் வந்து தண்ணீரைச் சோதித்ததாம். ஃபுளோரைடு எக்கச்சக்கமாம்.

பூட்டினால் பூட்டட்டும் என்றேன். தண்ணீர் கேட்டார்கள், கொடுத்தோம். அதற்கு மேல் என்ன?

ஜனவரி 12, ஞாயிறு

அந்த ஊரிலிருந்தே ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் நீமா. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ், தண்ணீர்க் குழுவுக்குத் தலைவி. என் நம்பரைக் கொடுத்தது கதிர்வேல், தடிப்பயல். என் பி.காம். இங்கிலீஷும் அவள் இங்கிலீஷும் எப்படியோ ஒத்துப்போயின.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுப் போனை வைத்திருப்பேன்.

நூற்று நாற்பதடியிலேயே தண்ணீர் வந்துவிட்டதாம். ஊர்ப் பெண்கள் எல்லாம் வாளியோடு ஓடிவந்தார்களாம். "போதும், நிறுத்துங்கள்" என்று நீமாவே சொன்னாளாம். நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே, இன்னும் ஆழம் போக அடுத்த ராடை மாட்டியிருக்கிறார்கள். அறுநூறடி வரை போய்விட்டார்கள். மேலே வந்தது நல்ல தண்ணீர். அடிப்பாறைத் தண்ணீரில்தான் ஃபுளோரைடு இருக்கிறது.

"தண்ணீர் எங்களுடையது. எவ்வளவு போதும் என்று சொல்லும் உரிமை மட்டும் எங்களுக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்குக் கதிர்வேல் என்னைத்தானே கேட்டான்? "நூத்திநாப்பதுலயே தண்ணிங்க்கா, நிறுத்தட்டுமா?" நான்தான், "ஆயிரமடி போட்ட கைடா நம்முளுது. நம்ம பேரு என்னாகறது? போடு, மேக்கொண்டு போற அடிக்குக் காசு ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றேன். தருமம் செய்வதாக நினைப்பு. ஆயிரமடிக்கும் வெறும் புழுதியே பறக்கிற மண் இது. இங்கே நூற்று நாற்பதில் நிறுத்துகிற ரிக்காரனை யார் மதிப்பார்கள்?

ஆனால் அது இந்த மண் இல்லையே.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகத்தான் பொங்கியது. வாயில் ஒன்றும் இனிக்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

இவரிடம் பேசினேன்.

"ஏனுங்க, ரிக்கை அந்த ஊருக்கே திருப்பி அனுப்போணுங்க. அடிய அடைச்சுப்போட்டு மேல்தண்ணிய மட்டும் எடுத்துக் குடுக்கலாம்."

"அப்ப அடுத்து அங்க ஒத்துக்கிட்ட பள்ளிக்கூடத்துப் போர் வேலை? நாம போகலைன்னா நாளைக்கே வேற வண்டி நிக்கும். போர் போடறதுதான் நம்ம வேலை, தண்ணிக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கறதுமா?" என்றார்.

இவர் கெட்டவர் இல்லை. போன வாரம் வரை நான் பேசியதும் இதுதான். அதனாலேயே இன்னும் ஆத்திரமாக வந்தது. சோறு போடாமல் எழுந்து வந்துவிட்டேன். தானே போட்டுச் சாப்பிட்டார், ரசம் இருப்பதே தெரியாமல்.

ஜனவரி 20, திங்கள்

நீமா எழுதியிருக்கிறாள். போர் பூட்டியதிலிருந்து ஊரே மறுபடி ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. மழைக்காலம், காலரா வந்துவிட்டது. அவள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். சின்னக் குழந்தை ஒன்றும் இருக்கிறதாம்.

ஊரில் பாதிப் பேர் பூட்டை உடை என்கிறார்கள். ஃபுளோரைடு மெதுவாகத்தான் கெடுக்கும், காலரா இன்றைக்கே கொல்லும் என்கிறார்கள். காய்ச்சிக் குடிக்க விறகும் ஈரம். நீ என்ன சொல்கிறாய் என்று என்னைக் கேட்கிறாள்.

நான் என்னத்தச் சொல்ல? இங்க உக்காந்துக்கிட்டு எந்த விஷத்தைக் குடின்னு சொல்ல எனக்கு வாய் வருமா? பாழாப்போன பெருமை. அந்த அடுத்த ராடை மாட்டாம நிறுத்தியிருந்தா ஆகாதா?

ஜனவரி 21, செவ்வாய்

நானும் கதிர்வேலும் பிறந்தது தர்மபுரி எல்லையோரத்து ஊர். அங்கே எல்லாருக்கும் பல்லில் பழுப்புக் கோடு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா, "வாயத் தொறந்து சிரிச்சுப்போடாத சாமி" என்று கெஞ்சினாள். பெரியப்பாவுக்கு ஐம்பது வயதுக்குள் முதுகு குனிந்தது, நிமிரவே இல்லை. தண்ணீரால் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஊருக்கு ஒரு நீமா இல்லை.

கதிர்வேலைக் கூப்பிட்டேன். "அங்க கண்ணாடி கெடக்குதாடா? உம்பல்லக் கொஞ்சம் பாரு" என்றேன்.

எழுந்து நடக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "வண்டியத் திருப்பறேங்க்கா" என்றான்.

இவரிடம் கேட்கவில்லை, சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் போனில் கதிர்வேலிடம், அடியை அடைக்கக் களிமண்ணை எப்படி இறக்க வேண்டும், சிமென்ட் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று இவரே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 1, சனி

வண்டி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூட வேலையும் கைவிட்டுப் போனது.

பிப்ரவரி 4, செவ்வாய்

வண்டியை ஊருக்குள்ளேயே விடவில்லையாம். குழு ஆட்கள் பக்கத்திலேயே நிற்பார்கள், அவர்கள் தலையாட்டாமல் ஒரு வேலையும் நடக்கக் கூடாது, சம்மதமா என்று நீமா கேட்டிருக்கிறாள்.

"நம்ம செலவுல வந்து செய்யறோம், திருடனுக்கு நிக்கறாப்பல காவல் நிக்கறோமுங்கறாங்க" என்று கதிர்வேலுக்கு ரோஷம்.

"நின்னா நிக்கட்டுமுடா. அன்னைக்கு நின்னு சொன்னதக் கேக்காமத்தான இன்னைக்கு இது" என்றேன். வேலை தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

சோதனை முடிவு வந்தது. ஃபுளோரைடு அளவுக்குள்தான். பூட்டைத் திறந்துவிட்டார்கள். நீமா நன்றி சொன்னாள். எனக்குக் கூசியது.

வார்டில் இருந்த குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஜனவரி கடைசியிலேயே இறந்துவிட்டதாம். அவள் அதை எனக்கு எழுதவில்லை. நானும் இத்தனை நாள் கேட்கவில்லை. வண்டி, சிமென்ட், சேறு என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயர் கேட்டேன். ஸவாதி. பெண் குழந்தை.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 3, திங்கள்

பக்கத்து ஊரிலும் போர் வேண்டுமென்று நீமாவின் குழு நம் வண்டியையே கூப்பிட்டது. காலையில் பூஜை போட்டு ஆரம்பித்தார்கள்.

மதியம் கதிர்வேல் போன் செய்தான். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, அவன்தான் கத்திச் சொன்னான். "அக்கா, நூத்திமுப்பதுல தண்ணிங்க்கா. இந்த ஊர்க் குழுவம்மா கையக் காட்டி நிறுத்தச் சொல்றாங்க. தண்ணி கம்மியாத்தான் வருது. என்ன பண்ணட்டும்?"

இன்னும் ஒரே ஒரு ராடு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது.

"அவங்க சொல்லிட்டாங்கல்ல, என்னை எதுக்குடா கேக்கற?" என்றேன்.

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். என்ஜின் அடங்கியது.