பன்னிரண்டு அடிச் சங்கிலி

ஜூலை 7, திங்கள்
மேற்கிலிருந்து கச்சான் காற்று. வாயெல்லாம் மண். நாய் வந்து பதினொரு நாள். எனக்கு இன்னும் அதைப் பிடிக்கவில்லை.

மச்சான் கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி அனுப்பியது. ஆட்டுக் காவலுக்கென்றே வளர்க்கும் வெளிநாட்டு இனமாம். வெள்ளை. கன்றுக்குட்டி அளவு. போன மாதம் தெருநாய்கள் மூன்று ஆடுகளைக் கிழித்தபோது நான்தான் அவரிடம் புலம்பினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மச்சான் எழுதி அனுப்பிய தாளில்:
1. கட்டக் கூடாது. ஆடுகளோடு பட்டியிலேயே விட வேண்டும்.
2. வெயில் என்று மயிரை வழிக்கக் கூடாது. சூட்டைத் தடுப்பதே அதுதான்.
3. தண்ணீர் இரண்டு வாளி. நிழல்.
4. கிழமைக்கு இரு முறை சீவி, உண்ணி பார்க்க வேண்டும்.

நான்காவதை ஈர்க்குமாறால் செய்கிறேன், எட்டி நின்று. நாயின் எச்சில் பட்டால் எங்கள் மார்க்கத்தில் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. கிணற்றடியில் மண் சட்டி தயார். நேற்று ஆறா ஏழா என்று சந்தேகம். மறுபடி முதலிலிருந்து.

ஜூலை 8, செவ்வாய்
பக்கத்து வளவு ஜபீர் வேலியில் சாய்ந்துகொண்டு: "மாஸ்டர், இதென்ன நாயா, மாட்டுக்குக் கம்பளி போத்தி வச்சிருக்கீங்களா?" அவர் வீட்டார் எல்லோரும் சிரிப்பு.

பிறகு சிரிக்காமல்: "பள்ளிவாசலுக்குப் போற பாத இது. கட்டி வைங்க. இல்லாட்டி சோத்துல எதையாச்சும் கலந்து வைக்கத்தான் வரும்."

"ஓம், கட்டுறன்." வாக்கும் கொடுத்தாயிற்று. முப்பது வருடம் வகுப்பை அதட்டிய வாய்.

பட்டிக்கு வெளியே வேப்பமரம். சங்கிலி. நாய் என்னைப் பார்த்தது. நான் வாளியைப் பார்த்தேன்.

ஜூலை 10, வியாழன்
விடியலில் சுபஹ் தொழுது திரும்பினால் சினை ஆடு கிடக்கிறது. தொண்டை இல்லை. பட்டியின் படலைக் கதவைத் தள்ளித் தெருநாய்கள் நுழைந்திருக்கின்றன. மண்ணில் மூன்று நாய்களின் காலடி. நம்முடையது சங்கிலியின் முனையில், கழுத்தெல்லாம் இரத்தம்.

ஜபீர் வந்து பார்த்தார். "சொன்னனே மாஸ்டர்! உங்கட கம்பளிதான் கடிச்சிருக்கு."

அவர் போன பிறகு அளந்தேன். சங்கிலி 12 அடி. மரத்திலிருந்து ஆடு கிடந்த இடம் 31 அடி. அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். கோழை.

மனைவி: "அளந்து என்ன செய்ய? கட்டினது நீங்கதானே."

வயிற்றுக் குட்டிகளோடு புதைத்தோம்.

ஜூலை 12, சனி
நாயில் நாற்றம். ஈ. ஈர்க்குமாறால் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு மயிர். கையால் விலக்கினேன். கழுத்துப் பட்டியின் கீழ் சதை பிய்ந்து, புழு. வியாழனே பார்த்திருக்க வேண்டும்.

மிருக வைத்தியரிடம் போனில் கேட்டு, அந்த இடத்து மயிரை மட்டும் வெட்டி, புழு எடுத்து, உப்புத் தண்ணீரால் கழுவி, மருந்து. கடிக்கவில்லை. முழங்கை வரை நக்கியது. எரிச்சலாக வந்தது. என்னை எதற்கு நக்குகிறது?

ஏழு தரம். எண்ணிக்கை தவறவில்லை.

சங்கிலியை நெஞ்சுப் பக்கம் துணி சுற்றி மாற்றிக் கட்டினேன். அவிழ்த்திருக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டேனே.

ஜூலை 13, ஞாயிறு
காலையில் ஜபீர் வளவில் கூச்சல். அவருடைய ஆட்டுக்குட்டிகள் இரண்டு, எங்கள் ஆட்டைப் போலவே தொண்டை இல்லாமல். நாய் சங்கிலியில் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு படலையடிக்கு வந்தார். குரல் வேறு.

"மாஸ்டர், மிச்சம் அஞ்சு ஆடு. உங்கட பட்டில விடவா? நாயையும் அவுத்து விட்டீங்கண்டா..."

இந்த முறை சொன்னேன். "விடுங்க. கட்டச் சொன்னது நீங்க. சங்கிலியையும் நீங்களே அவுங்க."

"நானா? நாயத் தொடவா மாஸ்டர்?"

"கிணத்தடில மண் சட்டி இருக்கு. ஏழு தரம்."

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். எழுத்து கோணல். நான் செய்தது சரியா?

மஃரிப் தொழுகைக்கு இன்னும் கால் மணி நேரம். ஜன்னலால் தெரிகிறது. ஜபீர் மரத்தடியில். சாரத்தை மடித்துக் கட்டிவிட்டு, சங்கிலிப் பக்கம் குனிகிறார்.