பாதிப் பாரம்

ஜூன் 6

அன்புள்ள டாக்டர் ஐயாவுக்கு,

இன்று காலை மருந்துக் கிடங்கைத் திறந்ததும் முதல் வேலையாக உங்கள் தீவிலிருந்து திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்தேன். அவற்றில் ஒன்றில் உங்கள் கடிதம் இருக்குமே என்றுதான். இருந்தது. அதற்கு அடியில் குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப், அத்தனையும் காலாவதி, மூடிகூடத் திறக்கவில்லை.

படகுக்காரர் இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "என்னம்மா, இத்தனை கேட்டு வாங்குறாங்களே, அங்க மீன்குஞ்சுக்கெல்லாம்கூடக் காய்ச்சலா?" சிரித்துச் சமாளித்தேன்.

மருந்து வீணாவதைக் குறைக்கும் திட்டத்தை இந்த வருடம் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். எங்கிருந்து அதிகம் வீணாகி வருகிறது என்று பார்த்தால் முன்னால் வந்து நிற்பது உங்கள் தீவு. நானூறு பேருக்கு இவ்வளவு எதற்கு? போன வாரம் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இதே சிரப் இல்லை. வெளியே வாங்கச் சொன்னார்கள். வாங்க வசதியில்லாத ஒரு அம்மா, கொதிக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனாள்.

உண்மையைச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். போனில் நாம் சண்டை மட்டும்தான் போடுகிறோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். சட்டைப் பொத்தானைத் தைத்தீர்களா?

உங்கள்
கிடங்குக்காரி


ஜூன் 13

என் கிடங்குக்காரிக்கு,

தைத்துவிட்டேன், வேறு நிறப் பொத்தான். நோயாளிகள் யாரும் குறை சொல்லவில்லை.

பாதிக்கு மேல் பாரம் இருந்தால்தான் படகு கிளம்ப வேண்டும் என்று, டீசலை மிச்சம் பிடிக்க விதி போட்டவள் நீ. இங்கே உண்மையில் தேவைப்படுவது இரண்டே பெட்டி. அதை மட்டும் கேட்டு எழுதியபோது மூன்று வாரம் படகே வரவில்லை. கையிருப்பு இருந்ததால் நோயாளிகளுக்குக் கஷ்டமில்லை. எனக்குத்தான் வியாழக்கிழமைதோறும் துறைக்குப் போய் நின்றுவிட்டுச் சும்மா திரும்ப முடியவில்லை. சிரப் கண்ணாடிப் பாட்டிலில் வருகிறது, நன்றாகக் கனக்கும். அதனால் அதைக் கேட்டேன்.

அந்த அம்மாவை நினைத்தால் கூசுகிறது. இனி தேவையானது மட்டும்தான். படகு வராது. பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

உன்
டாக்டர்


ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

சரக்கு அடுக்குகளுக்கு நடுவே நின்றபடியே உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபப்பட வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. பெண்டாட்டியின் கடிதத்துக்காக இத்தனை பாட்டில் மருந்தா? நான்கு வருடமாக நீங்களும் வா என்று சொல்லவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் தீவுக்கு மாற்றல் வாங்கிவிட்டாரே என்ற வீம்பு எனக்கு. இவள் வேலையை விட்டு எங்கே வரப்போகிறாள் என்ற வீம்பு உங்களுக்கு.

நேற்றுத் திட்டத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். இனி உங்களுக்கு மாதம் ஒரே படகு, பாரம் எவ்வளவானாலும் வரும். போன மாதம் செலவானதைப் பார்த்துத்தான் மருந்து. மிஞ்சுவதைக் கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே திருப்பி அனுப்பிவிட வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். காலிப் பாட்டில்களும் கரையில் குழி தோண்டிப் புதைக்கப்படாமல் அதே படகில் திரும்பும். நோயாளிகளுக்கான அவசரப் படகு வழக்கம்போல் தனி.

மேலதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க வீட்டுக்காரர் இடத்துலயே கை வச்சுட்டீங்களே?"

"அங்கதான் சார் அதிகம் வீணாகுது."

"ரொம்ப நெஞ்சழுத்தம்மா உங்களுக்கு."

அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்து துறை வரைக்கும் நடந்தேன். மாதம் ஒரு படகு, மாதம் ஒரு கடிதம். திட்டத்தில் எந்த இடத்திலும் பிழையில்லை. எனக்குத்தான் அது போதாது.

முதல் மாதப் படகில் உங்களுக்கு இரண்டு பெட்டி மட்டும்தான். மிச்ச இடம் காலி. அதில் ஏறினால் ஒரு மாதத்துக்குத் திரும்ப வழியில்லை என்பது அட்டவணை போட்டவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஏறப்போகிறேன். மேலதிகாரியிடம் சொல்லவில்லை, விடுதியில் இருக்கும் நம் மகளிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைக்கப் போவதுமில்லை. கையிலேயே கொண்டுவருகிறேன்.

உங்கள்
கிடங்குக்காரி