குழல் திரும்பிய திசை

அன்புள்ள மார்லிஸ்,

இடுப்பு வலி குறைந்ததா? வாசல் பனியை நீயே அள்ளாதே. நான் நலம்.

நாளை துப்பாக்கிக் கண்காட்சி தொடங்குகிறது. வழக்கம்போல நேற்று, வரப்போகும் புதிய துப்பாக்கிகளை நம் பத்திரிகை வாசகர்கள் எண்பது பேருக்குக் காட்டிப் பேசினேன். பேச்சு நீண்டுவிட்டதோ என்று, இருபத்திரண்டு வருடமாக நீ உட்கார்ந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் முன்வரிசை நாற்காலியைப் பார்க்கத் திரும்பினேன். கையிலிருந்த துப்பாக்கியும் கூடவே திரும்பிவிட்டது. சுடும் ஊசியைக் கழற்றிய, சுடவே முடியாத காட்சித் துப்பாக்கிதான். ஆனாலும் குழல் யார் பக்கமும் திரும்பக்கூடாது என்று அவர்களுக்கு எழுதி எழுதிச் சொன்னவன் நான். முன்வரிசையில் சிலர் குனிந்துவிட்டார்கள்.

உன் நாற்காலியில் இருந்த நம் பழைய நண்பன் ட்வைட்தான் பேசினான். "ஏம்ப்பா கார்டன், புதுசா வந்ததக் காட்டுன்னா என் நெஞ்சுக்கே குறி வைக்கிறியே? மார்லிஸ் இல்லேன்னா ஒனக்குத் திசையே தெரியாதா?"

அப்புறம்தான் சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்டு, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பேசி முடித்தேன்.

பேச்சைப் பதிவு செய்த காணொளியில் அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றார் பத்திரிகை ஆசிரியர். இருக்கட்டும் என்றேன். பார்த்துப் பதறாதே.

என் காதுக்கவசம் வீட்டில் இருக்கிறதா, பார்த்துச் சொல். எந்த நேரமானாலும் கூப்பிடு. புதிய துப்பாக்கிகளைப் பாலைவனத்தில் சுட்டுப் பார்க்க எங்களை அழைத்துப் போகும் பேருந்து வந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் நீ வராவிட்டால் அந்த மேடையில் நான் ஏறுவதாக இல்லை.

கார்டன்