பிராக்கனின் ஐந்து வாரம்

வியர்டேல்
4 மே 1986

அன்புள்ள டெரிக்,

அபர்தீன் ரயிலில் உன்னை ஏற்றிவிட்ட அன்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நான் கீரிப்பிள்ளை என்று கேலி செய்யும் உன் பெட்டை ஃபெரட் பிராக்கன் முந்தைய நாளே பருவத்துக்கு வந்திருந்தாள். சொல்லியிருந்தால் கடைசிப் பத்து நிமிடமும் உன் அண்ணனின் வெள்ளைக் கடுவனைப் பற்றியும் பிறக்கப்போகும் குட்டிகளைப் பற்றியுமே பேசியிருப்பாய். அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் ஆகிவிட்டது. பெட்டைக்குப் பருவம் தானாக அடங்காது, கடுவன் சேர்ந்தால்தான் அடங்கும், நீண்டுகொண்டே போனால் ரத்தம் வற்றிச் சாகும் என்று நீதான் சொல்லித் தந்தாய். கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறாள். நானும் அப்படித்தான், அடுப்படிக்கும் வாசலுக்குமாக. வெள்ளையனை நானே போய்க் கொண்டுவரட்டுமா?

உன்,
லினெட்

எண்ணெய் மேடை
11 மே

அன்பு லினெட்,

வேண்டாம். அவன் அவள் கழுத்தைக் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் இழுப்பான். நீ பயந்து பிரித்துவிடுவாய். 24ஆம் தேதி கட்டாயம் வருகிறேன். இங்குள்ள சமையல்காரருக்கு இரண்டு குட்டி தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு க்ளெம் கிழவரின் கடுவன் பில்லியை மட்டும் கிட்டே விடாதே. விட்டால் இந்த வருஷம் குட்டி கிடையாது.

இந்த நடுக்கடலில் ஓயாத காற்று. நன்றாகச் சாப்பிடு.

டெரிக்

வியர்டேல்
25 மே

அன்புள்ள டெரிக்,

நேற்று டர்ஹம் ஸ்டேஷனில் மூன்று ரயில்கள் வந்து போகும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது க்ளெம் நம் வாசலில் காத்திருந்தார். நீ அவருக்கு போன் செய்து, இன்னொரு சுற்று வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாயாமே.

பிராக்கனின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது. வாலில் முடியே இல்லை.

"உம் புருஷன் கடல் நடுவுல உக்காந்து முகூர்த்தம் குறிக்கிறான். பொண்ணு இங்க செத்துக்கிட்டிருக்கு."

"பில்லிய விட்டா பிழைப்பாளா?"

"பருவம் அடங்கிரும். குட்டி வராது, டாக்டர் அவனுக்கு விந்துக்குழாய நறுக்கிவிட்டு ரெண்டு வருஷமாச்சு. ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை, ஒரு வீட்டுக்கும் அப்பன் இல்ல."

வழக்கமான கூலி ஆறு முட்டை. இன்று காலை பில்லியைப் பெட்டியில் கொண்டுவந்தார். பிராக்கன் அலறினாள். கொட்டகைக்கு வெளியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பிரிக்கவில்லை.

லினெட்

எண்ணெய் மேடை
2 ஜூன்

லினெட்,

யாரைக் கேட்டுச் செய்தாய்?

டெரிக்

வியர்டேல்
20 ஜூன்

அன்புள்ள டெரிக்,

யாரையும் கேட்கவில்லை.

பத்து நாளில் பிராக்கனின் பின்புற வீக்கம் வடிந்து பருவம் அடங்கிவிட்டது. மாட்டு வைத்தியரிடம் காட்டினேன். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா" என்றார். பச்சை ஈரல் கொடுக்கச் சொன்னார். கொடுக்கிறேன்.

ஸ்டேஷனில் சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. ஹெக்ஸம் நூலகத்திலிருந்து வேலைக்கு அழைத்த கடிதம் அன்று என் கோட்டுப் பையில் இருந்தது. போகட்டுமா என்று உன்னைக் கேட்கத்தான் அந்தப் பத்து நிமிடம். நீ வந்த பிறகு கேட்கலாம் என்று இத்தனை நாளும் வைத்திருந்தேன்.

ஜூலை முதல் தேதி சேர்கிறேன். வாடகைக்கு ஓர் அறை பார்த்தாகிவிட்டது. பின்பக்கம் கூண்டு வைக்க இடம் இருக்கிறது. இந்த வீட்டுச் சாவி க்ளெமிடம் இருக்கும். பிராக்கன் என்னோடு வருகிறாள். அவள் வாலில் முடி முளைக்கத் தொடங்கிவிட்டது.

லினெட்